பூவெண்ணெய்ச் சீர்

— பொறுங்க, பொறுங்க. எல்லாச் சாக்கையும் அவுக்காதீக. ஒரு சாக்கு போதும். மிச்சத்த அந்தச் சுவரோரமாச் சாத்தி வைங்க.

— என்ன அண்ணாச்சி இப்பிடிச் சொல்றீக. அனுமந்தன்பட்டியில இருந்து திராட்சை லாரியில எடம் கெஞ்சி வாங்கி, தேனி வரைக்கும் கொண்டாந்திருக்கோம். மொத்தத்தையும் ஆட்டி எண்ணெயாக் குடுத்தாத்தேன் நான் ஊருக்குப் போக முடியும்.

— மிசின் என்னோடது சுருளிவேல். கடலைக்கும் பருத்திக்கொட்டைக்கும் ஓடிப் பழகுன எக்ஸ்பெல்லர். சூரியகாந்தி வெதைய இந்த ஏசுதாசன் இன்னைக்குத்தான் கையில எடுக்குறேன். தோலோட உள்ள போயி இறுகிக்கிச்சுன்னா, நோண்டி எடுக்க நீங்களா வருவீக?

— நான் இன்னும் எம்பேரச் சொல்லவே இல்லையே அண்ணாச்சி. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— இந்தப் பக்கத்துல சூரியகாந்தி போட்டது ஒரே ஒருத்தர்தான்னு காதுல விழுந்துச்சு. பேரும் கூடவே விழுந்துச்சு.

— கேட்டியா கஸ்தூரி. நம்ம லாரிக்கு முன்னாலயே எம்பேரு வந்து எறங்கிருச்சு. சும்மாவா?

— பேரு மட்டுந்தேன் வந்துச்சா, இல்ல நீங்க பொகை போட்ட கதையும் சேந்து வந்துச்சான்னு அண்ணாச்சிகிட்டக் கேளுங்க.

— ஏ புள்ள, வந்த எடத்துல அத எதுக்கு இழுக்குற?

— என்ன பொகைம்மா? மிசின் சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் சொல்லுங்க.

— கேளுங்க அண்ணாச்சி கூத்த. விவசாய ஆபீசுல இருந்து ஒருத்தரு எங்க ஊருக்கு வந்தாக. சாவடியில கூட்டம் போட்டு, கப்பல்ல வர்ற எண்ணெய்க்கு ரேஷன் கடையில கால் கடுக்க நிக்கிறோம், நம்ம மானாவாரிக் காட்டுலயே எண்ணெய் எடுக்கலாம்னு சொல்லி, இந்தக் கருப்பு வெதையக் காட்டுனாக. ஒரு ஆளு கை நீட்டல. பூவுல எண்ணெயான்னு ஒருத்தன், அப்ப மல்லியப்பூவுல பருப்புக் கடையலாமான்னு இன்னொருத்தன். ஒச்சாண்டி எந்திரிச்சு, சுருளிவேல் இத வாங்க மாட்டான், அவன் பயந்தாங்கொள்ளின்னு ஒரு வார்த்த விட்டான். அம்புட்டுத்தேன். இவுக போயி தோள்த்துண்ட விரிச்சுட்டாக.

— பயந்தாங்கொள்ளின்னா விட்ற முடியுமா அண்ணாச்சி? வாங்கினேன். செம்மண் காட்டுல வெதச்சேன். பூத்து நின்னப்ப ஊரே வந்து பாத்துச்சு. கம்பம் போற பஸ்ஸு அங்கன வந்ததும் மெதுவாப் போகும், டிரைவரு தலைய வெளிய நீட்டிப் பாப்பாரு. சும்மாவா?

— பூத்ததும் மலையில இருந்து தேன்பூச்சி எறங்கிருச்சு அண்ணாச்சி. காடே ரீங்காரம். அதப் பாத்ததுல இருந்து இவுகளுக்குச் சோறு எறங்கல. இந்தப் பூச்சியெல்லாம் சேந்து எண்ணெய உறிஞ்சிக்கிட்டுப் போகுது, கடைசியில நமக்குச் சக்கைதேன் மிஞ்சும்னு பொலம்புனாக.

— நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க மில்லுக்குள்ள ஒருத்தன் பூந்து டின்னுல வாய வச்சு உறிஞ்சுனா, நீங்க பாத்துக்கிட்டு இருப்பீகளா?

— அதுவும் ஞாயம்தான். அப்பறம்?

— அப்பறமென்ன. காட்டுக்கு நாலு மூலையிலயும் பச்ச வேப்பந்தழையக் குமிச்சு மூட்டம் போட்டாக. பொகை மலைய மறைச்சிருச்சு. ஒரு பூச்சி கிட்ட வரல. இவுக வரப்புல நின்னு மீசையத் தடவிக்கிட்டாக. ஆபீஸ்காரரு வந்து பாத்துட்டு, யாருய்யா இந்தப் பொகையப் போட்டதுன்னு பதறிப் போயிக் கேட்டாக. இவுக நெஞ்ச நிமித்தி, நாந்தேன் சார்னாக. பரிசு குடுக்க வந்திருக்காகன்னு நெனப்பு.

— சிரிக்காதீக அண்ணாச்சி. எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?

— சிரிக்கல சுருளிவேல், புரை ஏறிருச்சு. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆபீஸ்காரர் என்ன சொன்னாரும்மா?

— பூச்சி ஒக்காந்து ஒரு பூவுப் பொடிய இன்னொரு பூவுல ஒட்டுனாத்தேன் வெதை பால் பிடிக்குமாம். இல்லைன்னா அம்புட்டும் பதருன்னாக. பொகைய அணைங்க, வர்ற பூச்சி வரட்டும், அது வந்து சேர்ற வரைக்கும் நீங்களே கையால தடவி விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாக. பனி காஞ்ச பெறகு எறங்கணும். பூவு மொகத்த வலிக்காமத் தடவணும். இவுக பழைய வேட்டியக் கிழிச்சுக் கையில சுத்திக்கிட்டு நானும் எம் மக பாண்டியம்மாளும் எறங்குனோம். கூலிக்குக் கூப்பிட்டா ஒரு பொம்பள வரல. மொக்கம்மா வரப்புல நின்னுக்கிட்டு, என்னடி கஸ்தூரி, பூவுக்கெல்லாம் மொகம் கழுவி விடுறியா, பவுடரு நான் வாங்கியாரவான்னு கேட்டா.

— பாண்டியம்மாளுக்குத்தான கல்யாணம்?

— ஆமா அண்ணாச்சி, வர்ற முகூர்த்தத்துல. கல்யாணப் பொண்ணு, வெயில்ல கருத்துப் போவடின்னேன். கேக்கல. வீட்டுக்கு வர்றப்ப தலை, கழுத்து, கையெல்லாம் மஞ்சப்பொடி. நலங்கு வைக்கிறதுக்கு முந்தியே எம் புள்ள மஞ்சளாத்தேன் வந்து நின்னா. பூவு ஒரே நாள்ல வெரியாது, ஓரத்துல இருந்து நடுவுக்கு வட்டம் வட்டமா வெரியும். வெரிய வெரியத் தடவுனோம். பெறகு பூச்சியும் திரும்பி வந்துச்சு. மொக்கம்மாளும் வந்தா.

— அப்பறம் பூவெல்லாம் தலையக் கவுத்துருச்சு அண்ணாச்சி. செத்துப் போச்சுன்னு நான் வரப்புல ஒக்காந்துட்டேன்.

— இவுக ஒக்காந்து, ஒச்சாண்டி மொகத்துல எப்பிடி முழிப்பேன்னாக. நான் ஒரு பூவத் தூக்கி இவுக கையில குடுத்தேன். கனத்துப் போச்சு. வெதையோட பாரத்துலதேன் அது குனிஞ்சிருக்கு.

— அதத் தூக்கிக்கிட்டு நேரா ஒச்சாண்டி வீட்டுக்குத்தேன் போனேன். இதப் பிடிடா, கை வலிக்குதான்னு கேட்டேன். சும்மாவா?

— ஒச்சாண்டி என்ன சொன்னாரு?

— நம்பல அண்ணாச்சி. தன் வீட்டுத் தராசுல வச்சுப் பாத்தான். அப்பறம் காவலுக்கு நின்னேன் பாருங்க, அதையும் கேளுங்க. கிளி கூட்டமா வந்து எறங்கும். தகர டின்னத் தட்டித் தட்டி இந்தப் பக்கத்துக் காது இன்னும் சரியாக் கேக்கல.

— கிளிய வெரட்டுனீக, சரி. ஒரு மனுசனையும்ல வெரட்டுனீக. அதச் சொல்லுங்க.

— அவன் களவாணி புள்ள. பஸ்ஸ விட்டு எறங்கி, துண்ட முக்காடு போட்டுக்கிட்டு, காட்டோரமா நின்னு பூவையே பாத்துக்கிட்டு நிக்கிறான் அண்ணாச்சி. ஒரு பூவத் திருப்பி வெதையக் கிள்ளி வாயில வேற போடுறான். நல்ல ஆளுன்னா முக்காடு எதுக்கு? டின்னத் தட்டிக்கிட்டு ஓடுனேன். செருப்ப விட்டுட்டு ஓடிட்டான். ஒத்தச் செருப்பு இன்னும் எங்க வீட்டு வாசல்லதேன் கெடக்கு.

— செருப்ப விட்டுட்டா ஓடுனாக? அப்பிடியா. சரி, சரி.

— என்ன அண்ணாச்சி, திடீர்னு யோசனை?

— ஒண்ணுமில்லம்மா. வெதையக் கடிச்சுப் பாத்தேன், நல்லாக் காஞ்சிருக்கு. இங்க பாருங்க, இந்தப் பேப்பர்ல வச்சு நசுக்குறேன். பேப்பர் கண்ணாடி மாதிரி ஆயிருச்சா? எண்ணெய் இருக்கு. ஆனா சுருளிவேல், மொத்தச் சாக்கையும் ஆட்டணும்னு ஏன் ஒத்தக்கால்ல நிக்கிறீக?

— அதுல என் மானம் இருக்கு அண்ணாச்சி. மொக்கம்மாகூட வெதைக்கு ஒரு படி குடுன்னு கேட்டுச்சு. முடியாதுன்னுட்டேன்.

— எண்ணெய்ல என்னய்யா மானம்?

— மாப்பிள்ளைக்குக் கெங்குவார்பட்டி. அவுக அப்பா அய்யாத்துரை. பரம்பரையாக் கடலை போடுற ஆளு. பரிசம் போட வந்தப்ப, பந்தியில அம்புட்டுப் பேரும் இருக்கையில, பூவுல எண்ணெய் எடுக்கப் போறீகளாமே சம்பந்தகாரரே, அப்ப முறுக்குல பூ வாசம் கமகமன்னு அடிக்குமேன்னு கேட்டுச் சிரிச்சாக. நான் எலையில இருந்து கைய எடுத்துட்டேன். எம் மக சீருக்குக் கொண்டார்ற பலகாரக் கூடை அம்புட்டும் எங்காட்டு எண்ணெய்லதேன் வேகும், வெளி எண்ணெய் ஒரு சொட்டுப் படாதுன்னு சொல்லிட்டேன்.

— அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல அண்ணாச்சி. எங்க பக்கம் ஒரு வழக்கம். பொண்ணு வீட்டுச் சீர் வரும்போது மாப்பிள்ளையோட அப்பா பாயில ஒக்காந்துக்கிட்டே கூடையத் தொட்டு வாங்குவாக. எந்திரிக்க மாட்டாக. பொண்ணப் பெத்தவுகதேன் நிக்கணும். அய்யாத்துரை அன்னைக்கு என்ன சொன்னாக தெரியுமா? நீரு சொன்னபடி பூவு எண்ணெய்ல பலகாரம் வரட்டும், நான் எந்திரிச்சு நின்னு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வாங்குறேன்னாக. பந்தியே கொல்லுன்னு சிரிச்சுச்சு.

— பொண்ணப் பெத்தவன் எப்பவும் நிக்கிறான் அண்ணாச்சி. எங்கப்பா நின்னாரு, இவ அப்பா எம் முன்னால நின்னாரு. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்து ஆளு நிக்கட்டும். அதுக்குத்தேன் கேக்குறேன். உத்தமபாளையத்துல மாட்டேன்னுட்டாக. சின்னமனூர்லயும் மாட்டேன்னுட்டாக. நீங்களும் மாட்டேன்னா நான் எங்கன போவேன்?

— நான் மாட்டேன்னு சொல்லலய்யா, பொறுங்கன்னுதான் சொன்னேன். மிசின் சூடேறிருச்சு. கொட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா. கைய உள்ள விடாதீக.

— என்ன அண்ணாச்சி, மிசின் முக்குது?

— மொதல்ல அப்பிடித்தான் முக்கும். திருகக் கொஞ்சம் தளத்துறேன். நீங்க தள்ளி நில்லுங்கம்மா, சேலை பெல்ட்டுல மாட்டிக்கப் போகுது.

— அண்ணாச்சி, புண்ணாக்குத்தேன் வருது. பொடியா வருது. எண்ணெயக் காணோம்.

— பொறுங்க சுருளிவேல். மேல பாக்காதீக, கீழ குழாயப் பாருங்க.

— சுருளி வேலப்பா, சாமி. ஏ புள்ள, எண்ணெய். கஸ்தூரி, எண்ணெய்.

— எனக்கும் கண்ணு இருக்குல்ல. கொஞ்சம் வழி விடுங்க, நானும் பாக்குறேன். மொதல்ல நீங்க கண்ணத் தொடைங்க, அண்ணாச்சி பாக்குறாக.

— பாத்தா என்னம்மா. இத்தன வருசமா எண்ணெய் ஆட்டுறேன், கடலை இம்புட்டுத் தெளிவா வராது. சுகிர்தம், ஏ சுகிர்தம், இந்தக் கிண்ணத்துல இருக்குறத துணியில வடிச்சு, வடை மாவு இருந்தாப் போட்டு எடு.

— வீட்டுல திட்டப் போறாக அண்ணாச்சி, வேலை நேரத்துல.

— திட்டுனா ரெண்டு வார்த்த. பொறுங்க, போயிப் பாத்துட்டு வர்றேன்.

— கஸ்தூரி.

— என்ன?

— பூவத் தடவ என் வேட்டியக் கிழிச்சப்ப ஒன்னத் திட்டுனேன்ல.

— திட்டுனீக. இன்னொரு வேட்டி இருந்தா அதையும் கிழிச்சிருப்பேன். அந்தா, அண்ணாச்சி தட்டோட வர்றாக. மீசையில இருக்குற புண்ணாக்கத் தட்டி விடுங்க.

— இந்தாங்க, சூட்டோட சாப்பிடுங்க. எங்க சுகிர்தம் லேசுல நல்லாருக்குன்னு சொல்லாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்கிட்டயே சொன்னதில்ல. இன்னைக்கு, வாடையே இல்லையே, சட்டியில பொங்கவும் இல்லையே, எந்த ஊரு எண்ணெய்னு கேட்டா. அனுமந்தன்பட்டின்னு சொன்னேன். கிறிஸ்மஸ் முறுக்கு இதுலதான்னு சொல்லிட்டா.

— கேட்டியா புள்ள. தேனிக் கடைத்தெருவுல எண்ணெய் யாவாரம் பண்ற வீட்டுல எங்காட்டு எண்ணெய்ல வடை வேகுது. சும்மாவா?

— எங்காடு எங்காடுங்காதீக. நம்ம காடுன்னு சொல்லுங்க. அண்ணாச்சி, ஒரு வடைய எலையில மடிச்சுக் குடுங்க. பாண்டியம்மாளுக்கு. அவ கைபட்ட பூவு.

— தாராளமாம்மா. சுகிர்தம்கிட்டச் சொல்லி நெறையவே மடிச்சுத் தரச் சொல்றேன்.

— சரி அண்ணாச்சி, மிசின் சூடா இருக்கையிலயே மிச்சச் சாக்கையும் கொட்டிருவோம்.

— வேண்டாம் சுருளிவேல். அத நான் ஆட்ட மாட்டேன்.

— ஏன்? நல்லாத்தேன ஓடுது?

— மிசினுக்கு ஒண்ணுமில்ல. அது வெதை. ஆட்டுனா ஒரு கல்யாணத்தோட தீந்துரும். இந்தக் கம்பத்துப் பள்ளத்தாக்குல வேற எங்கன இருக்கு இந்த வெதை? நான் எண்ணெய்க்காரன். வருசத்துல பாதி நாள் எம் மில்லு பூட்டிக் கெடக்கு. கடலைய வேர்ப்புழு திங்குது, அது விட்டத மழை திங்குது. எங்கடை வாசல் வழியாத்தான் சனம் ரேஷன் பாமாயிலத் தூக்கிக்கிட்டுப் போகுது. எண்ணெய் விக்கிறவன் அதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இன்னைக்குத்தான் நம்ம மண்ணுல வெளைஞ்ச புது எண்ணெய் ஒண்ண எங்கண்ணால பாத்தேன். இதையும் அரைச்சுத் தீத்துட்டா அடுத்த வருசம் எத ஆட்டுறது?

— நீங்க சொல்றது சரிதேன் அண்ணாச்சி. ஆனா ஒரு சாக்கு எண்ணெய் முறுக்குக்கே காணாது. அதிரசத்தக் கடலெண்ணெய்ல சுட்டுக் கொண்டு போனா, அய்யாத்துரை பாயில சாஞ்சு ஒக்காந்துக்கிட்டு மோந்து பாப்பாரு. பந்தி மறுபடியும் சிரிக்கும். அத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?

— நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு கஸ்தூரி.

— இருக்குற எண்ணெய்ல வர்ற பலகாரம் வரட்டும். மிச்சக் கூடையில வெதைய நெரப்புவோம். சீர்ல நெல்லு வைக்கிறோம், அரிசி வைக்கிறோம், இத வச்சா என்ன? பாண்டியம்மா இத வெதைக்கத் தெரிஞ்சவ, பூவத் தடவத் தெரிஞ்சவ. அங்கன போயி அவ காடு பண்ணட்டும். மொக்கம்மாளுக்கும் ஒரு படி குடுப்போம், பாவம், பவுடரு வாங்கித் தர்றேன்னு சொன்னவ. வெளி எண்ணெய் ஒரு சொட்டுப் படலைல? ஒங்க வாக்கும் நிக்கும்.

— என் வாக்கு நிக்கும். அய்யாத்துரை நிக்க மாட்டாரே புள்ள. நான் பலகாரத்துக்குத்தேன் எந்திரிக்கிறேன்னு சொன்னேன், பச்ச வெதைக்கு இல்லன்னு சொல்லிருவாரு.

— சொல்லட்டும். அவுக எந்திரிக்கணும்னுதேன் நீங்க வெதச்சீகளா?

— மொதல்ல ஒச்சாண்டிக்காக வெதச்சேன். அப்பறம் அய்யாத்துரைக்காகக் காவல் காத்தேன். பொய் சொல்லக் கூடாது.

— இப்ப?

— இப்பவா? அந்தக் குழாயில எண்ணெய் எட்டிப் பாத்துச்சே, அப்ப இருந்து ஒரு பயலும் நெனப்புல வரல. சரி. வெதைக் கூடைய ஆளு வச்சுத் தூக்க மாட்டேன், எந் தலையிலயே சொமந்துக்கிட்டுப் போறேன். எண்ணெய் எங்கய்யான்னு எவனாவது கேட்டா, ஒரு வெள்ளாமை பொறு, எம் மக எடுத்துக் குடுப்பான்னு சொல்றேன். அவுக ஒக்காந்தே வாங்கட்டும், நான் நின்னே குடுக்குறேன். இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. சாக்க அவுக்க வேண்டாம் அண்ணாச்சி.

— இந்த வார்த்தைய ஒங்க வாயில இருந்து கேக்கணும்னுதான் இம்புட்டு நேரம் பொறுத்துக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதீகன்னு ஒருத்தர் எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக. சொல்லாமப் போனா எனக்கு இந்த வடை செரிக்காது.

— என்ன அண்ணாச்சி, புதிர் போடுறீக?

— நேத்து ஒருத்தர் தேனியில இருக்குற மில்லு ஒவ்வொண்ணா ஏறி எறங்கி, கடைசியா இங்கன வந்தாக. அனுமந்தன்பட்டி சுருளிவேல் சூரியகாந்தி வெதையோட எந்த மில்லுக்காவது வருவாரு, எல்லாத்தையும் ஆட்டிறாதீக, வெதைக்கு எனக்கு ஒரு சாக்கு நிறுத்தி வைங்க, எங்கடலைக் காடு முச்சூடும் புழு தின்னு சும்மாக் கெடக்குன்னு கேட்டாக.

— யாரு அண்ணாச்சி அது?

— காலுல புதுச் செருப்புப் போட்டிருந்தாக. பழசுல ஒண்ணு ஒங்க காட்டோரமாத் தொலைஞ்சு போச்சாம்.

— அய்யய்யோ. இவுக டின்னத் தட்டி வெரட்டுனது அவுகளையா? கெங்குவார்பட்டியில இருந்தா வந்திருந்தாக?

— ஆமாம்மா, அய்யாத்துரையேதான். நாற்காலிய இழுத்துப் போட்டு, ஒக்காருங்க, ஒக்காருங்கன்னு எம்புட்டோ சொன்னேன். ஒக்காரவே இல்ல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் கேட்டாக.